கோட்டையில் அரிசி இல்லை

— இன்னைக்கு ஏணி போட வேணாம், ப்ரியா. இன்னும் கொஞ்சம் பொறு.

— அத்தை, போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. ஏணி ரெடி. கல் எறியற மெஷின் ரெடி. விமலன் அவன் ஆளுங்களோட வடக்கு வாசல்ல நிக்கறான். ஒரே ஒரு பட்டன். அழுத்தினா உங்க மகன் கோட்டை காலி.

— அழுத்தினா என்னாகும் தெரியுமா? குரு வாளைத் தூக்கிட்டு மதில் மேல ஏறி நிப்பான். ஊரே லைவ்ல பாக்கும். எங்க ராஜா எவ்வளவு வீரமா தோத்தாரு பாருங்கன்னு மாலை போடுவானுங்க. அந்த மரியாதை அவனுக்கு வேணாம் லா.

— அப்ப வேற எப்படி?

— பசியில தோக்கணும். அரிசி இல்லைன்னு அவன் வாயால சொல்லணும்.

— அது கோதுமை, அத்தை. இந்த கேம்ல அரிசியே கிடையாது.

— எனக்கு அரிசிதான். அந்தக் கோப்பியை நகத்தி வை, கீபோர்ட்ல ஊத்திக்கப் போற.

— ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது.

— கேட்டுட்டுதானே விடுவ. கேளு.

— என்ன இருந்தாலும் நீங்க பெத்தவங்க. கடைசி நேரத்துல கை நடுங்குதோன்னு சந்தேகமா இருக்கு. அதான் வாரா வாரம் தள்ளிப் போடறீங்களோன்னு.

— பாரேன் இவளை! இந்தா கை. பிடிச்சுப் பாரு. நடுங்குதா?

— கொஞ்சம்.

— அது சக்கரை வியாதி. அவனால இல்ல.

— சரி, சரி. மாத்திரை போட்டீங்களா?

— போட்டாச்சு. பேச்சை மாத்தாத. எனக்கு அவன் மேல இரக்கம் வருதுன்னு நினைக்கறியா?

— வந்தா தப்பில்லன்னு சொல்ல வந்தேன். ஆனா எனக்கு வரல, அத்தை. ஒரு சொட்டு கூட. அது எனக்கே பயமா இருக்கு.

— எதுக்கு பயம்? நீ கோப்பி கொண்டுபோய் அவன் மேஜையில வைக்கற நேரம்தானே அந்த ஸ்க்ரீன்ல கலாவுக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்தான்?

— ராஜாவுக்கும் ராணிக்கும் கல்யாணம். சும்மா கேம்னு சொன்னான். நானும் நம்பி, முறுக்கு வேணுமான்னு கேட்டுட்டு வந்தேன்.

— முறுக்கு வேற!

— அவளுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். வீட்டை விட்டுப் போனப்போதான் தெரிஞ்சுது, அவ காஜாங் டவுன்ல நிஜமாவே இருக்கான்னு.

— போனது கூட போகட்டும். போறவன் போறான்னு விட்டிருப்பேன். அந்த வீடியோவைத்தான் என்னால மறக்க முடியல.

— நான் போனை மறைச்சு வச்சிருக்கணும்.

— ஏன் மறைக்கணும்? அவன் பெட்டியைத் தூக்கறப்போ வாசல்ல நின்னு அழுதேன். கையைப் பிடிச்சு இழுத்தேன். அதை எடுத்து ஊருக்கே நடிச்சுக் காட்டறான். என்னை மாதிரியே மூக்கை உறிஞ்சறான், என்னை மாதிரியே குரலை இழுக்கறான். அந்தக் கலா பக்கத்துல உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. பாக்கறவனுங்க எல்லாம், இன்னொரு தடவை இன்னொரு தடவைன்னு கேக்கறானுங்க. இவனும் இன்னொரு தடவை செய்யறான், ப்ரியா.

— என்னையும்தான் சொன்னான். எங்க வீட்டுல ஒரு கேரக்டர் இருக்கு, கோப்பி மட்டும் போடும், வேற டயலாக் கிடையாதுன்னு.

— அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு ஒண்ணுதான் ஓடுச்சு. சும்மா கேம்தானே? அந்த சும்மா கேம்லயே இவன் கிரீடத்தைப் பிடுங்கணும்.

— காலையில அதை என்கிட்ட சொன்னப்போ நான் சிரிச்சேன். நீங்க மௌஸைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க.

— நீ சொல்லித் தராம சிரிச்சுக்கிட்டே இருந்த. கேம்ல முதல்ல கழுதை நிறைய கருவாடு ஏத்திக்கிட்டு ஊர் ஊரா வித்தேன். காட்டுல கொள்ளைக்காரனுங்க பிடிச்சுக் கட்டிப் போட்டானுங்க. அலாமா! கருவாடும் போச்சு, கழுதையும் போச்சு.

— நீங்க ஸ்க்ரீனைப் பாத்து அந்தக் கொள்ளைக்காரனுங்களைத் திட்டினீங்களே, கீழ் வீட்டு வள்ளியம்மா ஆன்டி என்னமோ ஏதோன்னு மேல ஓடி வந்துட்டாங்க.

— அவ எதுக்கு வந்தா, வம்பு கேக்க வந்தா. இப்பவும் லிப்டுல உன்னை ஏதோ கேட்டாளாமே?

— டிவோர்ஸ் ஆகியும் இன்னும் மாமியார் வீட்டுலதானான்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— சிரிச்சு வச்சேன்.

— அடுத்த தடவை சொல்லு. ஆமா ஆன்டி, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நாடு பிடிக்கறோம்னு.

— நாடு பிடிச்சது பெரிசில்ல, அத்தை. வச்சுக் காப்பாத்தினீங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் புரியல. நம்ம கூட கோட்டை பிடிச்சவன் எல்லாம் ஒரு மாசத்துல காணாம போயிட்டான். கொடிக்கு சிங்கம், கழுகுன்னு எடுத்தான் அவனவன். நீங்க தேடித் தேடி ஒரு பச்சை இலையை எடுத்தீங்க. வாழையிலைன்னு நீங்களே பேரு வச்சுக்கிட்டீங்க. இந்தக் கொடிக்கு எவன் வருவான்னு நினைச்சேன்.

— வந்தானுங்கள்ல?

— விருந்துக்கு வந்தானுங்க! அந்த விருந்து பட்டனை எந்த ராஜாவும் தொட மாட்டான். தண்டச் செலவுன்னுவான். நீங்க வெள்ளிக்கிழமை தவறாம வச்சீங்க.

— கோவில் கமிட்டியில நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். ஒருத்தன் இலைக்கு வடை வரலைன்னா போதும், அடுத்த வருஷம் அவன் தனியா கோவில் கட்டிடுவான்.

— விமலனுக்கும் அந்த ரபேலுக்கும் ஆத்துப் பக்கத்துக் கோட்டைக்காக சண்டை வந்துச்சே, அப்பவும் இதேதான் சொன்னீங்க.

— பின்ன? ரெண்டு பேரும் பிடிச்சானுங்க. கோட்டையை விமலனுக்குக் குடுத்தேன், சுத்தி வயலும் வீடுமா இருக்கற கம்பத்தையெல்லாம் ரபேலுக்குக் குடுத்தேன். கோட்டைக்காரனுக்கு சோறு வேணும்னா கம்பத்துக்காரன்கிட்டதான் போகணும். இப்ப பாரு, ஒட்டிக்கிட்டுத் திரியறானுங்க.

— உங்களுக்கு மட்டும் ஒரு கோட்டைதான் வச்சிருக்கீங்க.

— எனக்கு எதுக்கு லா ஒம்பது கோட்டை? கூட்டிப் பெருக்க ஆளு வேணாமா? குரு எல்லாத்தையும் தனக்கும் கலாவுக்கும் எழுதிக்கிட்டான். அந்த தனேஷ் பையன் முதல் நாள்ல இருந்து அவனுக்காக சண்டை போட்டான். அவனுக்கு ஒரு கம்பம் கிடையாது.

— தனேஷ் நம்ம பக்கம் வந்தது கோட்டைக்காக இல்ல, அத்தை. தைப்பூசத்துக்காக.

— ஆமா ஆமா. முருகன் நாள்ல சண்டை கிடையாதுன்னு நாம சொல்லிட்டு பத்துமலைக்குப் போனோம். ரபேல் மாதா கோவில் போற பையன், அவன் கூட தண்ணிப் பந்தல்ல நின்னான். திரும்பி வந்து பாத்தா நம்ம தெற்குக் கோட்டை இல்ல! எல்லாரும் காவடி எடுக்கப் போயிருக்கானுங்க, இதுதான் நேரம்னு குரு வந்து அடிச்சிருக்கான்.

— தனேஷும் அன்னைக்குக் காவடி எடுத்திருந்தான். அவனைப் போன்ல கூப்பிட்டு, அலகைக் கழட்டிட்டு வந்து லாகின் பண்ணுன்னு சொல்லியிருக்கான் உங்க மகன். லைவ்ல. சிரிச்சுக்கிட்டே.

— அலகைக் கழட்டிட்டு வரணுமாம். அந்தப் பையன் அடுத்த வெள்ளிக்கிழமையே நம்ம விருந்துக்கு வந்துட்டான். வந்தவன் சும்மா வரல, கிடங்கு சங்கதியோட வந்தான்.

— கிடங்குல எதுவும் இல்லைன்னு அவன் சொன்னப்போ நான் நம்பல. அவ்வளவு பெரிய ராஜாவாம், தானியம் சேத்து வைக்கத் தெரியாதான்னு.

— நான் உடனே நம்பினேன். எப்படித் தெரியுமா? தட்டுல வந்தாதான் குருவுக்கு அது சோறு. மூட்டை தீர்ந்து அவன் ஒரு நாள் கூட பாத்ததில்ல. தீர்றதுக்கு முன்னாடி நான் பாசார் போய் வாங்கிடுவேன். பள்ளிக்கூடம் போறப்பவும் அப்படித்தான், கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். நீ வந்ததும் நீ வாங்கின. அந்தப் பழக்கத்துலயே ராஜ்யம் நடத்தறான். குதிரை வாங்கினான், மதில் கட்டினான், அவளுக்கு அரண்மனை கட்டினான். அரிசி தானா வரும்னு இருந்துட்டான்.

— நீங்க சுத்துவட்டாரத்துல ஒரு கம்பம் விடாம அறுவடையை வாங்கிட்டீங்க.

— என் வளர்ப்பும்மா. எங்க அடிச்சா விழுவான்னு எனக்குத் தெரியாதா?

— ஹலோ? ஹலோ, கிள்ளான் பாஸ்? கேக்குதா? ராஜா குரு பேசறேன்.

— அத்தை! அவன்தான்! கோட்டையில இருந்து கூப்பிடறான்!

— ஐயோ, ஸ்பீக்கர்ல கத்தறான். நாம பேசறது கேட்டுடப் போகுது!

— கேக்காது. நம்ம மைக் ஆஃப்ல இருக்கு. கிள்ளான் பாஸ்ங்கற நம்ம கேம் பேரைப் பாத்து யாரோ ஆம்பளைன்னுதான் இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கான். வழக்கம்போல நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். அவன் படிச்சுக்குவான்.

— பாஸ், இருக்கீங்களா? சமாதானம் பேச வந்திருக்கேன்.

— ரெண்டு வருஷம் இவன் போனை எடுக்காம இருந்தேன். இப்படி வந்து கேக்கணும்னு இருந்திருக்கு. தொண்டை கரகரன்னு இருக்கு, கவனிச்சியா?

— அத்தை.

— சும்மா சொன்னேன். இருக்கேன்னு போடு.

— போட்டேன்.

— ஆ, வந்துட்டீங்க! பாஸ், லைவை நிறுத்திட்டுதான் பேசறேன். நீங்க, நான், அவ்வளவுதான். மறைக்க ஒண்ணுமில்ல. கிடங்கு காலி. சிப்பாய்ங்க குதிரையைத் தின்ன ஆரம்பிச்சுட்டானுங்க. இன்னும் ரெண்டு நாள் போனா கதவைத் திறந்துட்டு ஓடிடுவானுங்க. நீங்க கொஞ்சம் கோதுமை உள்ள விடுங்க. நான் உங்களுக்குக் கீழ சிற்றரசனா இருந்துக்கறேன். கிரீடம் உங்களுக்கு. கோட்டையை மட்டும் விட்டுடுங்க.

— என்ன போட?

— ராணி எங்கன்னு கேளு.

— "ராணி எங்கே?"

— யாரு, கலாவா? அவ போயிட்டா பாஸ். கேம்ல இருந்தும் போயிட்டா, வீட்டுல இருந்தும் போயிட்டா. இந்த முற்றுகை ஆரம்பிச்சதும் தினமும் சண்டை. தோக்கறவன் கூட இருக்க முடியாதுன்னுட்டா.

— ஓ.

— சிரிக்கறியா ப்ரியா?

— சிரிக்கணும்னு நினைச்சேன். வரல.

— பரவால்ல பாஸ், எனக்கு பேக்கப் இருக்கு. இந்த நாடு போச்சுன்னா பிரிக்பீல்ட்ஸ்ல அம்மா வீடு இருக்கு. கோவத்துல போனை எடுக்க மாட்டேங்கறாங்க. ஆனா வாசல்ல போய் நின்னேன்னு வைங்க, கதை முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம் அழுவாங்க, அப்புறம் உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. என் எக்ஸும் அங்கயேதான் இருக்கா. வேற எங்க போவா? நான் திரும்பி வருவேன்னுதான் காத்துக்கிட்டு இருக்கா. அந்த ரெண்டு பேருக்கும் என்னை விட்டா வாழ்க்கையில வேற என்ன இருக்கு, சொல்லுங்க?

— ப்ரியா. ப்ரியா, இங்க பாரு மா.

— ஏணியைப் போடச் சொல்லுங்க. இப்பவே.

— பொறு.

— எவ்வளவுதான் பொறுக்கறது? கேட்டீங்கல்ல? நான் அவனுக்காகக் காத்திருக்கேனாம்!

— சரி, வேற எதுக்கு இருக்க? எனக்கும் தெரியட்டும்.

— உங்களுக்காக இருக்கேன். வெள்ளிக்கிழமை விருந்துக்காக இருக்கேன். ஆபீஸ் விட்டு ரயில்ல வர்றப்போ, இன்னைக்கு விமலன் என்ன கலாட்டா பண்ணி வச்சிருப்பான், அத்தை அதை எப்படித் தீத்து வச்சிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே வருவேன். கல்யாணம் ஆகி அவன் கூட இருந்த காலத்துல ஒரு நாளும் நான் இந்த வீட்டுக்கு அவசரமா வந்ததில்ல. இப்ப வர்றேன். அதுக்காக இருக்கேன்.

— ம்.

— ஆனா ஒண்ணு எனக்குத் தெரியணும். அவன் வாசல்ல வந்து நின்னா கதவைத் திறப்பீங்களா?

— இதை இப்பவே கேக்கணுமா?

— இப்பத்தான் கேக்கணும். இது கேம் இல்ல அத்தை. திறந்தீங்கன்னா நான் சத்தம் போட மாட்டேன். உங்க மகன், உங்க வீடு. என் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். என் ஆபீஸ் ஜானிஸ் வீட்டுல ரூம் இருக்கு.

— பாஸ்? லைன்ல இருக்கீங்களா?

— அவனைக் காத்திருக்கச் சொல்லு.

— "காத்திரு."

— சரி பாஸ். ஒண்ணும் அவசரமில்ல பாஸ்.

— ப்ரியா, வாசக் கதவுப் பூட்டை மாத்தினோமே, ஞாபகமிருக்கா?

— துருப்பிடிச்சுப் போச்சுன்னு மாத்தினீங்க. கடைக்காரன் அண்ணே கூட, இது நல்ல பூட்டாச்சே அக்கான்னு சொன்னாரு.

— நல்ல பூட்டுதான். அதோட சாவி அவன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அந்த வீடியோ பாத்த மறுநாளே மாத்தினேன்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— பெத்த மகனை வெளிய வச்சுப் பூட்டினேன்னு எப்படிச் சொல்றது? எனக்கே நாக்கு எழல. நீ எனக்கு இரக்கம் வந்துடுமோன்னு பயந்த. நான், இந்தக் கோட்டை விழுந்துட்டா உனக்கு இங்க வேலை முடிஞ்சுது, கிளம்பிடுவியோன்னு பயந்தேன். அதான் வாரா வாரம் ஏணியைத் தள்ளிப் போட்டேன். போதுமா?

— அத்தை...

— அழுவாத. டைப் பண்றப்போ எழுத்து தப்பா விழும். இப்ப போடு. அரிசி தர்றேன், ஒரு கண்டிஷன்.

— "கோதுமை தருகிறேன். ஒரு கண்டிஷன்."

— சொல்லுங்க பாஸ்! எதுவா இருந்தாலும்!

— லைவைப் போடச் சொல்லு. அவன் ஆளுங்க எல்லாரும் பாக்கறப்போ, கோட்டையில ஒண்ணுமில்ல, போடுங்கன்னு கேக்கணும்.

— "லைவில் வா. கிடங்கு காலி என்று எல்லார் முன்னாலும் சொல். சொல்லிவிட்டுக் கேள்."

— பாஸ்... அது மட்டும் வேணாம் பாஸ். அங்க என்னை ராஜான்னுதான் கூப்பிடறாங்க. என் பேரே போயிடும். வேற என்ன வேணாலும் கேளுங்க. மதிலை இடிச்சுக்கறேன்.

— மதில் வேணாம்னு போடு.

— "மதில் வேண்டாம்."

— என் குதிரைப் படை மொத்தத்தையும் எடுத்துக்கங்க.

— தின்னது போக மிச்சமா? வேணாம்னு போடு.

— "வேண்டாம்."

— நீங்க யாரு பாஸ்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்? இவ்வளவு வஞ்சம் வைக்கற அளவுக்கு நான் யாருக்கும் ஒண்ணும் பண்ணலயே!

— என்ன போட, அத்தை?

— ஒண்ணும் போடாத. விமலனை ஏணியைத் தூக்கச் சொல்லு. அவன் கண்ணுல படட்டும்.

— தூக்கிட்டான். தனேஷும் கிழக்கு வாசலுக்கு வந்துட்டான்.

— ஓகே! ஓகே பாஸ்! நிறுத்துங்க! போடறேன், லைவ் போடறேன்!

— வந்துட்டான் அத்தை. என் போன்ல பாருங்க. ஆளுங்க குவியறாங்க.

— முகம் காட்டறானா? கண்ணாடி எங்க வச்சேன்... குடு இப்படி. மெலிஞ்சுட்டான்.

— அத்தை.

— கண்ணு இருக்கு, தெரியுது. அதைக் கூட சொல்லக் கூடாதா?

— மக்களே, வணக்கம். ராஜா... குரு பேசறேன். ஒரு விஷயம் சொல்லணும். சிரிக்காதீங்க. கோட்டையில கோதுமை இல்ல. ரொம்ப நாளா இல்ல. எதிரி ஏமாத்தல. நான்தான் வாங்கி வைக்கல. அது தீரும்னு எனக்குத் தோணவே இல்ல. கிள்ளான் பாஸ், எங்க ஆளுங்க பசியோட இருக்கானுங்க. கொஞ்சம் போடுங்க. ப்ளீஸ் பாஸ்.

— சொல்லிட்டான். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான், அத்தை! சிரிக்கறானுங்க பாருங்க, இன்னொரு தடவை கேளு ராஜான்னு எழுதறானுங்க.

— இன்னொரு தடவையா?

— ஆமா. அன்னைக்குச் சிரிச்ச அதே ஆளுங்கதான். போதும்ல? கோதுமை வண்டியை அனுப்பவா, இல்ல ஏணியைப் போடவா?

— மைக் பட்டன் எது?

— என்னாது?

— மைக். எது?

— வேணாம் அத்தை! உங்க குரல் அங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். அவன்தான் அத்தனை தடவை பேசிக் காட்டியிருக்கானே. ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சிடுவாங்க.

— கண்டுபிடிக்கட்டும்.

— திட்டப் போறீங்களா? திட்டுங்க, நல்லா திட்டுங்க. அழ மட்டும் செய்யாதீங்க. அவங்க முன்னால அழுதுடாதீங்க, ப்ளீஸ்.

— எது பட்டன், ப்ரியா?

— இடது பக்கம், சிவப்பா இருக்கு பாருங்க. அழுத்தினா பச்சையாகும். பச்சையானா அவனுக்குக் கேக்கும். ஊருக்கே கேக்கும்.

— ஹலோ? மக்களே, மக்களே, அமைதி! கிள்ளான் பாஸ் மைக் ஆன் பண்ணிட்டாரு! முதல் தடவையா பேசப் போறாரு! சொல்லுங்க பாஸ்!

— குரு, அம்மா பேசறேன். சாப்பிட்டியாடா?